கண்ணாடிக் குழாயில் கெட்டிக் கூழ்

காலடிப்பேட்டையில் கேழ்வரகுக் கூழ் விற்பவள் நான். என் மருமகள் படித்தவள். கூழைப் பாட்டிலில் அடைக்க மெஷின் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில், கூழ் குழாயில் எப்படி ஓடுகிறது என்று ஆராய்வதுதான் அவள் வேலை. ஓடுவதில் ஆராய என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. அதனால் போன ஆடியில், முதலாளிக்கு மெஷினை ஓட்டிக் காட்டும் நாளன்று, கூழோடு நானும் போனேன். அன்று ஓடாவிட்டால் அவளுக்கு அந்த வேலை இல்லை.

பட்டனை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. கண்ணாடிக் குழாயில் கூழ் கொஞ்சம் ஏறி, நின்றுவிட்டது.

மருமகள் அண்டாவைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "அத்தே, இன்னா இது? நீ டெய்லி ஊத்துற கூழு இல்லியே."

"மொதலாளி குடிக்கப் போறாருன்னு அரிசி நொய்யி ஜாஸ்தியா போட்டுக் கெட்டியா கிண்டுனேன். பெரிய மனுசனுக்குத் தண்ணியா ஊத்துனா கேவலம் இல்ல?"

எங்கள் பக்கம் மதிப்பான ஆளுக்கு அப்படித்தான் ஊற்றுவோம். அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

முதலாளி தெற்கத்திக்காரர். சிரித்துவிட்டார். "நல்லா மரியாதை பண்ணுனீங்கம்மா. மெஷினே நின்னு கும்பிடுதே."

"தண்ணி கலக்கட்டுமாடி?" என்றேன்.

"வேணாம் அத்தே, இரு. இதுவும் கூழுதானே. ஓடுதான்னு பாத்துர்லாம்."

குழாயின் வாயில் பீட்ரூட் சாற்றைக் குறுக்கே ஒரு கோடாக விட்டாள். அழுத்தத்தை மெல்லக் கூட்டினாள். அசையவில்லை. இன்னும் கூட்டினாள். சட்டென்று மொத்தமும் நகர்ந்தது.

மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தேன். நடுவில் சிவப்புக் கோடு வளையாமல் அப்படியே போனது. ஓரத்தில் மட்டும் இழுபட்டு வால் விட்டது. நான் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள். நடு ஆற்றில் தண்ணீர் வேகமாகவும் கரையோரம் சோம்பலாகவும் போகும், பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படிக் கட்டியாகச் சேர்ந்து போய்ப் பார்த்ததில்லை.

"ஏன்டி, நடுவுல கீறது மட்டும் ஒண்ணையொண்ணு வுடாம போவுது?"

"ஓரத்துல குழாய் புடிச்சு இழுக்குது, அங்க கூழு ஒடைஞ்சு எளகிடுது. நடுவுல அந்த இழுப்பு கம்மி அத்தே. அதான் கெட்டியாவே போவுது."

பாட்டில் நிரம்பியது. முதலாளி அண்ணாந்து பாதியைக் குடித்தார்.

"கெட்டிக் கூழே ஓடிட்டு, இனி என்ன? இந்த மெஷினை இனிமே நீயே பாத்துக்கோம்மா" என்றார் மருமகளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தொட்டுக்கிட என்ன இருக்கு?"

மோர்மிளகாய்ப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாதடி," என்றேன். "இன்னொரு கோடு போட்டு வுடு. பாக்கணும்."