சும்மா இருந்தபோது அணைந்த கணினி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராக வேலை பார்த்த நான், இப்போது மணமேல்குடியில் ஒரு கணினி மையத்தில் இருக்கிறேன். அங்குள்ள பழைய கணினியின் பிராசஸர் வேகத்தைக் கூட்டி, சூடாகாமலிருக்க மின்னழுத்தத்தைக் குறைத்தேன். கடுமையான வேலை கொடுத்துச் சோதித்தபோது நன்றாகவே ஓடியது.

மறுநாள், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். அவர் பையில் சான்றிதழைத் தேட, நான் தட்டச்சை நிறுத்திக் காத்திருக்கும்போதெல்லாம் கணினி அணைந்தது.

"என்ன தம்பி, நான் பையில கைய விட்டாலே ஒங்க பொட்டி செத்துப்போவுது?"

அப்போதுதான் புரிந்தது. வேலையில்லாத நேரத்தில், நான் குறைத்த மின்னழுத்தத்தை கணினியின் மின்சேமிப்பு வசதி மேலும் குறைத்திருக்கிறது; அது போதாமல்தான் அணைகிறது.

"இன்னைக்கே அனுப்பிருவோம்க்கா, உக்காருங்க" என்று எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றினேன். விண்ணப்பம் போனபோது கெடு முடியப் பத்து நிமிடமே மிச்சம்.

இப்போதெல்லாம் எதை மாற்றினாலும், கணினியை ஒருநாள் முழுக்கச் சும்மா விட்டும் பார்க்கிறேன். அதன்பிறகே அடுத்தவர் அதன்முன் உட்காரலாம்.