ஆட்டோக்காரரின் குட்டி குர்ஆன்

மருதாணி ஏறிய தாடி, தடித்த கண்ணாடி. லிங்கராஜபுரத்தில் நான் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் அவர். ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. பாதி வழியில் பொதுக் கழிப்பறை எதிரே நிறுத்தி, கழுத்தில் தொங்கிய தீப்பெட்டி அளவு பித்தளைப் பெட்டியைக் கழற்றி நீட்டினார்.

"முழு குர்ஆன் மேடம். இது இருந்தா ஆபத்து அண்டாது. பாத்ரூமுக்குள்ள கொண்டுபோகக் கூடாது, கொஞ்சம் புடிங்க."

திரும்பி வந்தவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"ரயிலைப் புடிக்கணும்ல? வேகமாப் போவேன். அதுவரைக்கும் நீங்களே வெச்சுக்கோங்க."

"அப்ப உங்களுக்கு, அண்ணா?"

"நான் ஓட்டுறவன், எனக்கென்ன? பின்னாடி உக்காந்திருக்கிற நீங்கதான் பாவம்."

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை பெட்டியை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தேன். ரயில் கிடைத்தது. அவர் நம்பியது குர்ஆனையா, தன் கைகளையா என்பது இன்னும் புரியவில்லை. ஆட்டோவின் பிரேக்கை நம்பவில்லை என்பது மட்டும் நிச்சயம்.