எட்டாவது டேக்கில் ஒரு ‘ஆமா’

நேற்று தபாலில் ஒரு கேஸட் வந்தது. உறையில் ஒரு கிதார். பின்னால் நம்ம தாமிரபரணிப் பாலம். உடனே டேப்ரெக்கார்டரில் போட்டேன். கடைசிப் பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்... காரணம் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்னால் பாளையங்கோட்டை ஜெபசிங் என் வீட்டுக்கு வந்தான். டுடோரியலில் கணக்கு வாத்தியார். மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ப்ளூஸ் - ராக் பேண்ட் நடத்துகிறான்.

“ஆல்பம் ரெக்கார்ட் பண்ணுதோம் சார். வந்து பாருங்க” என்றான்.

ப்ளூஸ் என்றால் என்ன? சத்தியமாகத் தெரியாது. தெரியாத இடத்தில் போய் மூக்கை நுழைப்பதில் எனக்கு ஒரு அல்ப ஆசை உண்டு. போனேன்.

ஜங்ஷன் பக்கம், ஒரு மாடியில் ஸ்டுடியோ. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு கேஸட் போடுகிற இடம். ஒரே ஹால். பாடுவது, வாசிப்பது, காத்திருப்பது எல்லாம் அதற்குள்தான். யார் தும்மினாலும் டேப்பில் ஏறிவிடும். அதனால் ஃபேனுக்கும் தடா!

ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. ஆறாவது மட்டும் மக்கர் பண்ணியது. ஏழு டேக்... ம்ஹூம். மறுநாள் ஜெபசிங் மஸ்கட் வேலைக்குக் கிளம்புகிறான். திரும்ப இரண்டு வருஷமாகும். இன்று விட்டால் ஆல்பம் அவ்வளவுதான்.

“சுதி, தாளம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். உசுருதான் இல்ல” என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

எட்டாவது டேக்.

‘வண்டி வந்து போயிட்டு... நான் மட்டும் நிக்கேன்...’

மறுபடியும் அதே வரி. சின்ன இடைவெளி. அதில் ஒரு குரல் —

“ஆமா!”

திரும்பினோம். மூலையில் கோமதிநாயகம் அண்ணாச்சி. அடுத்த ரெக்கார்டிங்குக்காகக் காத்திருந்த வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுக்காரர். முன்னால் ஒருவர் வரி பாடி நிறுத்தினால், ‘ஆமா’ போடுவது அவர் தொழில். முப்பது வருஷப் பழக்கம்... வாய் சும்மா இருக்குமா?

டிரம்ஸ்காரன் முறைத்தான். அண்ணாச்சி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபசிங் நிறுத்தவில்லை. அவரைப் பார்த்தே அடுத்த வரியைப் பாடினான். ‘போடுங்க’ என்று கையைக் காட்டினான். அவர் போட்டார். அப்புறம் பாட்டு எங்கேயோ போய்விட்டது! எனக்குப் புல்லரித்தது.

முடிந்ததும் அண்ணாச்சி கும்பிட்டார். “மன்னிக்கணும் தம்பி. ஒரே வரிய ரெண்டு ரெண்டு தடவ பாடுதிய. மொதத் தடவ யாரும் ஆமா போடல, அதான் மனுசன் பாவம் மறுபடியும் சொல்லுதாருன்னு நெனச்சிட்டேன்.”

ப்ளூஸில் முதல் வரியை இரண்டு முறை பாடுவதுதான் மரபாம். ஏன் என்று கேட்டேன். பேண்டில் நாலு பேருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது!

கேஸட்டில் அந்த எட்டாவது டேக்தான் இருக்கிறது. உறையின் உள்பக்கம் கிதார், பேஸ், டிரம்ஸ் வாசித்தவர்கள் பெயர்கள். கடைசி வரி: ‘ஆமா — கோமதிநாயகம்’.

நம் சங்கடத்தைச் சொன்னால் யோசனை சொல்ல ஊரே வருகிறது. ‘ஆமா’ சொல்ல எத்தனை பேர்?

என் மனைவி எதையும் இரண்டு தடவை சொல்கிறாள் என்று இத்தனை வருஷமாக நானும் அலுத்துக்கொண்டிருக்கிறேன்... தப்பு யார் மேல் என்று இப்போதுதான் உறைக்கிறது!