கைக்குட்டையும் சூப்பர்நேச்சுரலும்

இன்று இந்தக் குழுவில் ஒருவர் 'சூப்பர்நேச்சுரல்' என்றால் என்ன என்று கேட்டிருந்தார். எனக்கு அது எழுபதுகளில், பாகாலாவிலிருந்து திருப்பதி போகும் ரயிலில்தான் விளங்கியது.

நாங்கள் மூன்று குமாஸ்தாக்கள். தினமும் ஒரு ஆங்கிலச் சொல்லைப் படித்துக்கொண்டே வேலைக்குப் போவோம். நான்காவது இடத்தில் என் கைக்குட்டை கிடக்கும். சந்திரகிரியில் ஏறும் நண்பன் தாமஸுக்காக.

அன்று பாகாலாவிலேயே தக்காளிக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, அந்த இடத்தைக் கேட்டார்.

"ஆள் வருது" என்றேன். நின்றுகொண்டார்.

சந்திரகிரி வந்தது, போனது. தாமஸ் ஏறவில்லை. கைக்குட்டையை நானும் எடுக்கவில்லை, கால் நீட்ட வசதியாக இருந்தது. அகராதியைப் பிரித்து "சூப்பர்நேச்சுரல்" என்று உரக்கப் படித்தேன்.

"அப்டின்னா இன்னா நைனா?" என்றார் அந்த அம்மாள்.

"இந்த ஒலகத்தைச் சேராதது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்குதுன்னு சொல்லுவாங்க."

அவர் கைக்குட்டையைப் பார்த்தார்.

"ஓ, பாகாலாவுலேர்ந்து இங்க குந்திக்கினு வர்றாரே, அவரு மாதிரியா?"

கைக்குட்டை என் சட்டைப்பைக்குப் போனது. கூடை என் காலடிக்கு வந்தது.

இதைவிட நல்ல உதாரணம் எந்த அகராதியிலாவது இருந்தால் கீழே போடுங்கள், பார்க்கலாம்.