கட்டம் போட்டுக் கேட்ட கேள்வி

திருப்பதியில் ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களின் குடலைப் படிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அங்கே டாக்டர் எழுதிய அறிக்கையைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணை இங்கே நான் போட வேண்டும். மெடிக்கல் கோடிங் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று புரிந்துகொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. க்ரோன் என்று ஒரு குடல் அழற்சி நோய் இருக்கிறது. அதன் எண் கே ஐம்பதில் தொடங்கும். கடைசியில் பூஜ்யம் இருந்தால் சிக்கல் எதுவும் இல்லை. ஒன்று என்றால் ஆசனவாயில் ரத்தம், இரண்டு குடலடைப்பு, மூன்று பௌத்திரம், நான்கு சீழ்க்கட்டி. முன்பின் தெரியாத பெண்களின் பௌத்திரத்தை டீ குடித்துக்கொண்டே குறித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. டாக்டர் எழுதாததை நாம் ஊகிக்கக் கூடாது. காய்ச்சல், வீக்கம், வலி என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தாலும் அவர் கட்டி என்று எழுதாதவரை நமக்குக் கட்டி கிடையாது. சந்தேகம் வந்தால் அவருக்கே ஒரு கேள்வித்தாள் அனுப்ப வேண்டும். அதிலும் 'இது கட்டிதானே?' என்று வாயில் ஊட்டக் கூடாது. கண்ட அறிகுறிகளை எழுதி, கீழே கட்டங்கள் போட்டு, அவரையே டிக் அடிக்க விட வேண்டும்.

என் தங்கைக்கும் அந்த நோய்தான். அவள் புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். போன வருஷம் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை கேட்கவில்லை என்பதால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் ஊசியை அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம் என்று திருப்பதி டாக்டர் சொன்னார். அவரிடம் பேசியதெல்லாம் அம்மாதான். வயிற்று வலியையும் பேதியையும் தெலுங்கில் மளமளவென்று சொன்னாள். பின்பக்கம் ஏதாவது தொந்தரவு உண்டா, பார்க்கட்டுமா என்று அவர் கேட்டபோது 'ஏமீ லேது சார்', ஒன்றுமே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் 'சிக்கல்கள் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். பழக்க தோஷத்தில், கடைசி எண் பூஜ்யம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் பாதி காலி. தங்கை மட்டும் உட்காரவில்லை. கூப்பிட்டதற்கு, நின்றுகொண்டே வருகிறேன் என்றாள். கம்பியைப் பிடித்தபடி புத்தூர்வரை நின்றே வந்தாள். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பைக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவாள். சாயங்காலமானால் உடம்பு சுடும். டீச்சராயிற்றே, நின்று நின்று பழகிவிட்டது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆபீசில் ஊகிக்காதே என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் ஊகிக்காமலே இருந்துவிட்டேன். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. உள்ளே சீழ் இருந்து, அதன்மேல் அந்த ஊசியைப் போட்டால் சீழ் ரத்தத்தில் பரவும். அப்படிப் போன ஒருவரின் அறிக்கைக்கு எண் போட்டவன் நான்.

ஆனால் அண்ணன்காரன் தங்கையிடம் இதை எப்படிக் கேட்பது? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து, டாக்டர்களுக்கு அனுப்புகிற மாதிரியே எழுதினேன். நாங்கள் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். அதனால் தெலுங்கிலேயே எழுதினேன். மேலே நான் கண்ட நாலு அறிகுறிகள். கீழே கட்டங்கள்: புண், வீக்கம், சீழ் வடிதல், எதுவும் இல்லை, சொல்ல விருப்பமில்லை. அவள் திருத்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் நோட்டுகளுக்கு மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தாள் என் ஹெல்மெட்டுக்குள் இருந்தது. முதல் மூன்று கட்டங்களிலும் டிக், சிவப்பு மையில். ஓரத்தில் 'ஆறு மாதமாக' என்று எழுதியிருந்தாள்.

அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சீழ் பட்ட துணியை அலசிப் போட்டவளே அவள்தான். "நகரிப் பக்கத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்கடா. இத்தப் போயி காயிதத்துல எய்தி வெச்சிக்கினு," என்றாள்.

"சீழு ரத்தத்துல கலந்துச்சின்னா, அவுங்க வந்து யாரம்மா பாப்பாங்க?"

நான் அம்மாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பாவம், அவளும் மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் மறைத்தாள்.

மறுநாள் டாக்டர் முன்னால் அந்தத் தாளை எடுத்து வைத்தது அம்மாதான். பொய் சொன்னேன் சார், என்றாள் தெலுங்கில். அவர் திட்டவில்லை. தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ஊசியை நிறுத்தி வைத்து, ஸ்கேனுக்கு அனுப்பினார். கட்டி இருந்தது. மயக்க மருந்து கொடுத்துச் சீழை எடுத்தார்கள். ஊசி ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. இம்முறை சீட்டில் 'சீழ்க்கட்டியுடன்' என்று இருந்தது. கடைசி எண் நான்கு. ஒரு நான்கைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டது அன்றைக்குத்தான்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பஸ்ஸில் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் மெதுவாக, பிறகு முழுசாகச் சாய்ந்து. நின்றுகொண்டிருந்த ஒருவர் இடம் கேட்டதற்கு நகர்ந்துகூடக் கொடுத்தாள். ரேணிகுண்டா தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கிளாஸ்ல, பஸ்ஸுல, எல்லார் முன்னாடியும்தான் நின்னுக்கினு இருந்தேன். யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேண்ணா."