இருபத்துநாலாவது கல்லுக்குச் சொன்ன நன்றி

அடைக்கலராஜுக்குப் பயம் வயிற்றில்தான் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் கோட்டருகே நிற்கும்போதுகூட வராத அந்த முறுக்கல், மாயவரத்துக் கல்லூரியில் படித்து முடித்தவர்களுக்கு விடைகொடுக்கும் விழாவன்று விடியும்போதே வந்துவிட்டது. அம்மா மரியபுஷ்பம் பழையதைக் கரைத்து வைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. உளுந்து பிடுங்கப் போகிற அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பேசும்போது தலையைக் குனியாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவனைக் கோழை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வருஷம் கீழத்தஞ்சையில் பயப்படாமல் இருந்தேன் என்று எவனாவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான். கூலிநெல்லைக் கூட்டிக் கேட்டவர்களைக் கிழக்கே குடிசையோடு கொளுத்தி ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. கோட்டையில் புது ஆட்சி வந்திருந்தது. ஏழைகளின் ஆட்சி என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சுவரிலிருந்து அது வயலுக்குள் இன்னும் இறங்கவில்லை. அறுவடை வந்தால் ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் பண்ணையின் தடிக்காரர்கள், நடுவில் போலீஸ் வேன்.

அடைக்கலராஜ் பண்ணையாள் தெருவில் பிறந்தவன். தகப்பன் இல்லை. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். காலையில் பஸ் கிடையாது, அதனால் ஓடினான். பெரிய சாம்பியன் ஆகப் போகிறோம் என்று நினைத்தெல்லாம் ஓடவில்லை. முதல் வகுப்புக்கு நேரமாகிவிடும், அவ்வளவுதான். தெருமுனையிலிருந்து வாய்க்கால் கரையோடு மூன்று மைல் போனால் ஆற்று மதகு. மதகு தாண்டினால் டவுன் ரோடு. கரை நெடுக ஃபர்லாங்குக்கு ஒரு கல், மைலுக்கு எட்டு, நட்டிருக்கும். மொத்தம் இருபத்துநாலு கல், கடைசிக் கல் மதகடியில்.

மதகில் தண்ணீர் ஏற்றி இறக்குகிற லஸ்கர் வேலை பக்கீர் முகம்மதுவுக்கு. காக்கி உடுப்பு, சர்க்கார் சைக்கிள், காதோரம் நரை. புத்தகக் கட்டை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பையன் ஓடிவருவதை ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் நிறுத்தி, கட்டை அவிழ்த்துத் தன் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டார். பிறகு தினமும் முதல் கல்லுக்கே வந்து நிற்பார், கூடவே மிதிப்பார், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு கல்லுக்கும் எவ்வளவு ஆயிற்று என்று சத்தமாகச் சொல்வார். மூன்று வருஷம் இப்படியே நடந்தது. மழைக்காலத்தில்கூட ஒரு கையில் குடையோடு மிதிப்பார். பல்கலைக்கழகப் போட்டியில் அவன் இரண்டாவதாக வந்தபோது, முதலாவது ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

கல்லூரி வேறு மாதிரி உதவியது. குஞ்சிதபாதம் என்று சிதம்பரத்துப் பக்கத்துப் பையன், நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் இவனுக்கு அடுத்து ஓடுகிறவன். இருவருக்கும் கால் ஒரே அளவு. ஐயாயிரம் மீட்டருக்கு அவனுடைய ஆணி வைத்த முள்ஷூவைத்தான் இவன் போட்டுக்கொள்வான். பி.டி. மாஸ்டர் தெய்வசிகாமணி இவனுக்குக் கொடுத்த பனியன் சிவப்பு. கல்லூரியில் விளையாட்டுக்காரர்களை நாலு அணியாகப் பிரித்ததில் இவனுக்குச் சிவப்பு அணி விழுந்தது. வேறு ஒன்றுமில்லை. ஆனால் கரையில் தினமும் ஒரு சிவப்பு பனியன் ஓடுவதைப் பண்ணையின் காரியஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். செங்கொடிச் சங்கத்துக்குச் சேதி கொண்டுபோகிறவன் என்று அவர் மனதில் பதிந்துபோயிற்று.

அது தவறு. ஒரே ஒரு நாளைத் தவிர.

தை மாதம், அறுப்பு சமயம். பண்ணை வெளியூர் ஆளை இறக்கப் போகிறது, வயலில் இறங்கி மறிக்க வேண்டும் என்று தெருவில் முடிவு செய்திருந்தார்கள். அன்று பக்கீர் பாய் முதல் கல்லுக்கு வரவில்லை. அடைக்கலராஜ் தனியாக மதகுக்கு ஓடிவந்தான். அவர் ஷட்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தென்னந்தோப்பில் விடியுமுன் இரண்டு லாரி வந்து நின்றதாகவும், தடியும் அரிவாளுமாக அறுபது பேர் படுத்துக் கிடப்பதாகவும் சொன்னார். அந்தத் தோப்பின் உட்புறம் மதகு மேல் ஏறி நின்றால்தான் தெரியும், அங்கே சர்க்கார் ஆள்தான் ஏறலாம்.

"நான் சர்க்கார் ஆளு, வர முடியாது. நீ போ. இன்னைக்கு ஒருத்தரும் வயல்ல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

அவன் டவுனுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பி ஓடினான். அதைவிட வேகமாக அவன் எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை. அன்று யாரும் வயலில் இறங்கவில்லை. லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. ஒருவர் மண்டையும் உடையவில்லை. ஆனால் சிவப்பு பனியன் தப்பான திசையில் ஓடியதைக் காரியஸ்தர் பார்த்துவிட்டார்.

கல்லூரி அணிக்கு அவன்தான் கேப்டன், விழாவில் நன்றி சொல்ல வேண்டியவனும் அவன்தான். இது நடந்து இரண்டு மாதம் கழித்து, விழாவுக்கு முந்தின நாள், கல்லூரி முதல்வர் அவனைக் கூப்பிட்டார். அறையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். சி.ஐ.டி. என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அதட்டவில்லை, பிள்ளைக்குக் கதை சொல்வது மாதிரி மெதுவாகப் பேசினார். தோப்பில் லாரி நின்றது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தானே பார்த்ததாக அவன் சொன்னான். கரையிலிருந்து தோப்புக்குள் தெரியாதே தம்பி, யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அது சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஆளாக இருந்தால் கதையே வேறு என்றார். பிறகு எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கு நன்றி சொல்லப் போறியாமே. யார் யாருக்குச் சொல்றேன்னு நானும் வந்து கேக்குறேன்."

பொன்மலை ரயில்வேயில் விளையாட்டு வீரன் என்று அவனுக்கு வேலை வந்திருந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. விழா முடியட்டும், பார்க்கலாம் என்று முதல்வர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. விழாவுக்கு அம்மாவால் வர முடியாது என்பதால், தன் பக்கத்து ஆளாக பக்கீர் பாயைப் போன வாரமே அழைத்திருந்தான். வர வேண்டாம் என்று சொல்ல மதகுக்குப் போகலாமா? போனால் யார் பின்னால் வருவார்களோ. போகாவிட்டால் அவர் வந்து உட்காருவார். இரவெல்லாம் இதையே புரட்டிக்கொண்டு கிடந்தான்.

அவர் வந்திருந்தார். காக்கிக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கடைசி வரிசையில். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதே வரிசையில் ஆறு நாற்காலி தள்ளி வெள்ளைச் சட்டைக்காரர், மடியில் நோட்டு. மேடையில் முதல்வர், பி.டி. மாஸ்டர், கேடயம் கொடுக்க வந்த பெரிய பண்ணையார். பண்ணைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு காரியஸ்தர்.

அடைக்கலராஜ் ஒலிபெருக்கி முன் நின்றான். பேர் எதுவும் சொல்லாமல் முடித்துவிடுவது என்று வைத்திருந்தான். என்னை ஆளாக்கிய அனைவருக்கும் நன்றி என்று ஒரே மூச்சில் சொன்னான். கீழேயிருந்து குஞ்சிதபாதம் கையைத் தட்டி நிறுத்தினான்.

"பேரைச் சொல்லுடா. பேர் இல்லாம என்ன நன்றி? என் ஷூவுக்காவது சொல்லு."

அணிப் பையன்கள் அத்தனை பேரும் பேரு, பேரு என்று பெஞ்சைத் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விடைபெறுகிற கேப்டன் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி 'அவர்களே' போட வேண்டும். வருஷா வருஷம் அப்படித்தான். 'அவர்களே' இல்லாத மேடை அந்த நாளில் ஏது?

வெள்ளைச் சட்டைக்காரர் பேனா மூடியைக் கழற்றினார்.

அவன் முதல்வரில் ஆரம்பித்தான். முதல்வர் அவர்களே, மாஸ்டர் தெய்வசிகாமணி அவர்களே, கேடயம் தந்த பண்ணையார் அவர்களே, எனக்குப் பின்னால் ஓடினாலும் ஷூவை முன்னாலேயே கழற்றிக் கொடுத்த குஞ்சிதபாதம் அவர்களே. சிரித்தார்கள். அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. நிறுத்தவும் பயம். வாய் தானாகப் போயிற்று. நான் ஓடிப் பழகிய கரையில் இருபத்துநாலு கல், ஒவ்வொரு கல்லுக்கும் ஒருவருக்கு நான் கடன்பட்டவன் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

முதல் கல், தெருமுனை டீக்கடை ஆமினா அம்மா அவர்களே. இரண்டாம் கல், வெறிநாயைக் கட்டிப்போட்ட வண்ணார் வீட்டு அண்ணன் அவர்களே. ஐந்தாம் கல், வழிவிட்டு நின்ற எருமைகளே. கூட்டம் ஆரவாரித்தது. ஒன்பதாம் கல், களத்தில் நின்று என்னைத் தினமும் கவனித்துவந்த காரியஸ்தர் அவர்களே. பண்ணையே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். காரியஸ்தர் கட்டியிருந்த கையை இன்னும் இறுக்கிக் கட்டினார். நோட்டில் பேனா ஓடியது, பிறகு நடந்தது, பதினைந்தாம் கல்லில் நின்றுவிட்டது. எருமையையும் காரியஸ்தரையும் ஒரே பக்கத்தில் எழுதி யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

அடைக்கலராஜுக்கு மூச்சு வந்தது. இருபத்துமூன்றாம் கல்லில் மாதா சொரூபத்துக்கு விளக்கேற்றும் நூர்ஜஹான் அக்காவைச் சொல்லிவிட்டு, வணக்கம் என்று கையைக் குவித்தான்.

கை தட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் தட்டவில்லை. விரலை மடக்கிப் பார்த்தார். இருபத்துநாலு என்று ஆரம்பித்தான், இருபத்துமூன்றில் நிற்கிறான். தலையை நிமிர்த்தி, வரிசையோடு மெல்லப் பார்வையை ஓட்டினார். ஆறாவது நாற்காலியில் காக்கி உடுப்பில் போய் நின்றது.

சொல்லாமல் விட்டதே காட்டிக்கொடுத்துவிட்டது. காப்பாற்றுவதாக நினைத்து அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டான். அவன் குவித்த கையைப் பிரித்தான்.

"இருபத்துநாலாவது கல்லை மறந்துட்டேன். மறக்கணும்னுதான் பார்த்தேன். மதகு லஸ்கர் பக்கீர் முகம்மது அவர்களே. சர்க்கார் கரைய மிதிச்சுப் பாழாக்குறியேன்னு மூணு வருஷம் சைக்கிள்ல என்னை விரட்டுனவரு நீங்க. நீங்க விரட்டலேன்னா எனக்கு இவ்வளவு வேகம் வந்திருக்காது."

கூரை போகிற மாதிரி சிரித்தார்கள். அடைக்கலராஜ் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. கடைசி வரிசையையே பார்த்தான். பக்கீர் பாயின் முகம் விழுந்துவிட்டது. மழையில் குடை பிடித்து மிதித்தவர். புத்தகம் நனையக் கூடாது என்று சட்டையைக் கழற்றிப் போர்த்தியவர். இந்தப் பேச்சைக் கேட்கவா இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்? வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் யாரோ தன்னையே பார்ப்பது தெரிந்து அவர் திரும்பினார். வெள்ளைச் சட்டை, நோட்டு, மூடி கழற்றிய பேனா. எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அடைக்கலராஜைப் பார்த்தார். மூன்று வருஷம் கடிகாரம் பார்த்த மனிதருக்கு ஒரு நொடி போதும்.

எழுந்து விரலை நீட்டினார். "விரட்டாம? உங்க அப்பன் வீட்டுக் கரையாடா அது? நீ மிதிச்ச பள்ளத்துல நான் எத்தனை கூடை மண்ணு போட்டிருப்பேன் தெரியுமா?"

இன்னும் சிரிப்பு. பி.டி. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அடைக்கலராஜுக்குக் கடைசிவரை தெரியாது. பேனாவை மூடினார். அது மட்டும் தெரியும்.

சான்றிதழில் முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நடத்தை நன்று என்று எழுதியிருந்தது. குஞ்சிதபாதம் அவனைக் கட்டிக்கொண்டு, இவ்வளவு பேசத் தெரிந்தவன் மூன்று வருஷமாக ஏன் ஊமையாக இருந்தாய், உன்னைத் தேர்தலில் நிறுத்தியிருக்கலாமே என்றான். இனி நான் எங்கே ஓடப் போகிறேன், நீயே வைத்துக்கொள் என்று முள்ஷூவைக் கொடுத்துவிட்டான். அதை வாங்கும்போதும் அடைக்கலராஜின் கண் வாசலிலேயே இருந்தது.

அன்று சாயங்காலமே பொன்மலைக்குக் கிளம்ப வேண்டும். தகர டிரங்குப் பெட்டியோடு டவுன் ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில் நின்றான். எதிர்த்த டீக்கடையில் வெள்ளைச் சட்டை. கையில் கிளாஸ், பார்வை ரோட்டில். அவன் பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

பக்கீர் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். போய்விட மாட்டாரா என்று இருந்தது, போய்விடுவாரோ என்றும் இருந்தது. அவர் அவன் முன்னால் வந்து சைக்கிளை நிறுத்தினார். டீக்கடை முழுக்கக் கேட்கிற குரலில் பேசினார்.

"ஒழிஞ்சியா? இனிமே உன்னை அந்தக் கரையில பார்த்தேன், காலை ஒடிச்சிடுவேன். ஊர்ல கலவரம் அடங்குற வரைக்கும் இந்தப் பக்கமே வரக் கூடாது. புரியுதா? வேளைக்குச் சாப்பிடாம அங்க விழுந்து கிடந்தாலும் நான் வந்து கேக்க மாட்டேன்."

டீக்கடையில் யாரோ, பாய்க்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றார்கள். அடைக்கலராஜ் தலையைக் குனியவில்லை. நன்றி என்கிற சொல் பல்லுக்குப் பின்னாலேயே நின்றது.

"சரிங்க பாய். வர மாட்டேன்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. திருப்பிக்கொண்டு மதகுப் பக்கம் மிதித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, டீக்கடை தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தான்.