அவள் சப்பாத்தில் நான் ஓடிய ஞாயிறு

எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ரேடியோ, ரைஸ் குக்கர், அப்பாவின் கைக்கடிகாரம் என்று நான் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் விட்ட சாமான்கள் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்தப் புத்தி ஓடும்போது காலில் போடும் ஒரு சப்பாத்தின் மேல் போய் நின்றது. அது என்னுடைய சப்பாத்து அல்ல. பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் என்னை விடாமல் தோற்கடித்துக்கொண்டிருந்த பெண்ணுடையது.

எங்கள் கல்லூரி கோலாலம்பூரில், அவளுடையது கிள்ளானில். பூப்பந்தில் தோற்றால் இரண்டு கல்லூரிக்காரர்களும் கைகுலுக்கிவிட்டு ஒன்றாகப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் தோற்றால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தப் பகை எப்படி ஆரம்பித்தது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் விட்டுப் போனதை நாங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

அவள் கேரி தீவுத் தோட்டத்துப் பெண். குட்டையாக இருப்பாள், ஓடும்போது தலை கொஞ்சமும் ஆடாது. அவள் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும், முகம்தான் அவ்வளவாகப் பழக்கமில்லை. அவள் போட்டிருந்தது தடித்த அடிப்பாகம் வைத்து, அதற்குள் கார்பன் தகடு பதித்த வகைச் சப்பாத்து. ஒவ்வொரு போட்டிக்கும் அது அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் பளீரென்று வெள்ளையாக வந்து நிற்கும். கிள்ளானில் யாரோ ஒரு முதலாளி போட்டிக்குப் போட்டி அவளுக்குப் புது ஜோடி வாங்கித் தருகிறார் என்று எங்கள் பக்கம் கதை கட்டிவிட்டிருந்தார்கள். நானும் நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

அந்த நாட்களில் நான்கு ஓட்டக்காரர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு சப்பாத்துக்குத்தான் போகும். "காசு உள்ளவன்தான் ஜெயிப்பான்னா அப்புறம் எதுக்கு ஓட்டம்?" என்பான் ஒருவன். "அப்ப நீ புல்லுல ஓடு லா. ரப்பர் டிராக்கும் யாரோ காசு போட்டுக் கண்டுபிடிச்சதுதான்," என்பாள் இன்னொருத்தி. தே தாரிக் தேநீர் ஆறிப் போகும் வரை இதே பேச்சுதான். உலக அளவிலான போட்டிகளில் அடிப்பாகத்தின் தடிப்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அவளுடைய சப்பாத்து அந்த வரம்பைத் தாண்டவில்லை. ஆனாலும் மாணவர் போட்டிகளுக்கு இன்னும் கடுமையான விதி வேண்டும் என்று எங்கள் பயிற்றுநர் பிடித்த பிடியாக நின்றார். "ஓட வேண்டியது காலு. சப்பாத்து இல்ல," என்பார்.

எனக்கு இரண்டு பக்கத்து வாதமும் சரியாகத்தான் பட்டது. எரிச்சல் வேறு ஒன்றில்தான். இத்தனை பேர் சண்டை போடுகிறோம், உள்ளே இருப்பதை ஒருவரும் பார்த்ததில்லை. சீனியர் அக்கா ஒருவர் மேல்துணி கிழிந்த அதே வகைச் சப்பாத்தைத் தூக்கிப் போட இருந்தார். அதைக் கேட்டு வாங்கி வந்தேன். முதலில் காலில் மாட்டிக்கொண்டு எங்கள் மாடி நடைபாதையில் இரண்டு முறை ஓடினேன். தரை என்னைத் தள்ளிவிட்டது, சத்தியமாக. கீழ்வீட்டு ஆன்டி வந்து திட்டிய பிறகு அப்பாவின் இரும்பு ரம்பத்தை எடுத்து நீளவாக்கில் அறுத்தேன். மெத்தை போன்ற நுரை, அதன் நடுவில் கரண்டிபோல் வளைந்த ஒரு கறுப்புத் தகடு. கட்டைவிரலால் அழுத்தினால் நுரை உடனே எழும்பி வந்தது. சாப்பிடக் கூப்பிடும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இந்த நிலையில்தான் தேர்வு ஓட்டம் வந்தது. தாய்லாந்தில் நடக்கவிருந்த மாணவர் போட்டிக்குப் பெண்கள் பிரிவில் ஒரே ஓர் இடம். அவள் முதலில் வந்தாள், நான் இரண்டாவது. மறுநாளே எங்கள் பயிற்றுநர் ஆட்சேப மனு கொடுத்துவிட்டார். வென்றது சப்பாத்து, ஆகவே இடம் எங்கள் பெண்ணுக்கு வர வேண்டும் என்பது மனு. செவ்வாய்க்கிழமை குழு கூடி முடிவெடுக்கும் என்றார்கள்.

எனக்கு அந்த இடம் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருப்பேன். ஆனால் அது எதனால் என் கைக்கு வருகிறது என்பதும் தெரிய வேண்டும். தெரியாமல் வாங்கிக்கொண்டால் காலமெல்லாம் மண்டையைக் குடையும். அவள் எண்ணைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு தடவை உன் சப்பாத்தைப் போட்டு ஓடிப் பார்க்கலாமா என்று செய்தி அனுப்பினேன்.

"ஏன்?" என்று பதில் வந்தது.

"தெரிஞ்சிக்கணும்."

பிறகு, "சைஸ் என்ன?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

ஞாயிறு காலை கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பந்திங்கில் இறங்கினேன். அவள் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தாள். எதிர்க் கல்லூரிக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் போவதை எங்கள் பயிற்றுநர் பார்த்திருந்தால் அன்றே என்னை அணியிலிருந்து தூக்கியிருப்பார். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான். "மனு நீ குடுக்கச் சொன்னியா?"

"இல்ல. ஆனா வேணாம்னும் சொல்லல."

"சரி," என்றாள்.

வீட்டில் அவள் அம்மாவும் ஆரம்பப் பள்ளியில் படிக்கும் தங்கையும் இருந்தார்கள். அம்மா எனக்குச் சிராப் கலந்து கொடுத்துவிட்டுக் குளிர்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார். முதலில் தங்கையின் பள்ளிச் சப்பாத்து வந்தது. அதற்கு அடுத்து, கிள்ளான் பள்ளத்தாக்கையே பேச வைத்த அந்தச் சப்பாத்து வந்தது.

இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாரக் கடைசியில் வெள்ளைச் சப்பாத்தைத் துணிப்பவுடரில் ஊற வைத்துத் தேய்ப்போம், வெயிலில் காய வைப்போம், பிறகு புட்டியில் வரும் வெள்ளைப் பூச்சை அடிப்போம். மழை பெய்துவிட்டால் குளிர்பெட்டியின் பின்பக்கச் சூட்டில் வைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

"நேத்து மழ பேஞ்சிருச்சும்மா. இல்லன்னா தகரக் கூர மேல வச்சே காய வச்சிருப்பேன்," என்றார் அம்மா. "சனிக்கெழம ஆனா சின்னவளோடதோட சேத்து இதையும் ஊறப் போட்டுத் தேச்சிருவேன். பெரியவன் சிங்கப்பூர்ல வேலைக்குப் போயி மொதமொதல்ல வாங்கி அனுப்புனது. அழுக்கா போட்டுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

வெள்ளைப் புட்டியையும் எடுத்துக் காட்டினார். புது ஜோடி, முதலாளி என்று நாங்கள் கட்டிய கதையெல்லாம் அந்தப் புட்டிக்குள் இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று சிராப்பைக் குடித்து அடக்கினேன். இரண்டு வருடமாக அவள் போட்டது அந்த ஒரே ஜோடிதான்.

வீட்டுக்குப் பின்னால் செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் சாலை போகிறது. ஞாயிறு என்பதால் லோரி இல்லை. நான் அவளுடையதைப் போட்டேன், அவள் என்னுடைய மெல்லிய சப்பாத்தைப் போட்டாள். வழக்கமாகப் போட்டியில் ஓடும் அதே தூரம் என்று பேசிக்கொண்டு கிளம்பினோம்.

தரை என்னைத் தள்ளும் என்று காத்திருந்தேன். தள்ளவே இல்லை. பலகையைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவது போலிருந்தது. இடது காலில் தகடு எங்கோ விட்டுப் போய், அடிக்கு அடி டிக் டிக்கென்று சத்தம் போட்டது. பாதி தூரத்திலேயே குதிகால் எரிந்தது. அவளோ எனக்கு முன்னால் போய், திருப்பத்தில் மறைந்தே போனாள். போட்டிகளில் அவள் முதுகையாவது பார்த்துக்கொண்டு ஓடுவேன், அன்று அதுவும் இல்லை.

நான் சுற்றி வந்து சேர்ந்தபோது அவள் வீட்டுப் பக்கத்து மதகின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தேன். அறுத்த சப்பாத்தின் நுரை இன்னும் என் விரலுக்கு நினைவிருந்தது. இதை எவ்வளவு அழுத்தினாலும் அமுங்கவே இல்லை. வெள்ளைப் பூச்சைச் சுரண்டினால் அடியில் முழுக்கச் சுருக்கம். சூடு இந்த நுரைக்கு ஆகாது என்று படித்திருக்கிறேன். தகரத்து வெயிலும் குளிர்பெட்டிச் சூடும் வாரா வாரம் வேலை செய்திருக்கின்றன.

"இது எப்பவோ செத்துப்போச்சு," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்ல. நீ ஜெயிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது உன்ன இழுத்துப் பிடிச்சுக்கிட்டுல்ல இருந்திருக்கு?"

"கல்லு மாதிரிதான் இருக்கும்," என்றாள் மெதுவாக. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன். இன்னிக்கு உன்னோடதப் போட்டப்பதான் மெத்துன்னு இருந்திச்சு." என் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க காலேஜ்லகூட சொல்லுவாங்க, அந்தச் சப்பாத்து இருந்தா நாங்களும்தான் ஓடுவோம்னு. நானும் அப்படித்தானோன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த விடையில் என் இடம் பறிபோகிறது என்பதே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. "செவ்வாய்க்கெழம இத எடுத்துட்டு வா. மேசையில வச்சு அறுத்துக் காட்டிருவோம்," என்றேன்.

"வேணாம்."

"ஏன்?"

"எப்படிக் கெட்டுப்போச்சுன்னு கேப்பாங்க. அம்மா தொவச்சுக் காய வச்சதாலன்னு சொல்லணும். கிள்ளான் பூரா சிரிக்கும். அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தத தன் கையாலயே கெடுத்துட்டோம்னு தெரிஞ்சா அம்மாவால தாங்க முடியாது."

"சொல்லலன்னா இடம் போயிரும்."

"போனா போவுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தூக்கத்தில்கூட விடாமல் பிடித்திருந்த இடத்தை இவள் எச்சில் இலைபோல் தள்ளி வைக்கிறாளே என்ற கோபம். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அம்மா வீட்டு வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டார். அவர் பிசைந்து வைத்த நெத்திலிச் சம்பல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறும் முன் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சப்பாத்து செத்த கதையை யாரிடமும் சொல்ல மாட்டேன். இப்போது எழுதுவதுகூட அவள் சரி என்ற பிறகுதான். அம்மாவே பின்னாளில் விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஒரு நாள் முழுக்க அழுதாராம்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் ஒரு விரிவுரை அறையில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஒரு மலாய்ப் பெண் விரிவுரையாளர். அடுத்த ஆண்டு முதல் அடிப்பாகத்தின் தடிப்பைக் குறைக்கலாம் என்று பேசி முடித்ததும் எங்கள் மனுவை எடுத்தார்கள். பயிற்றுநர் எழுந்து, ஓட வேண்டியது கால் என்பதையே மலாயில் அழகாகச் சொன்னார். அவள் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் கையைத் தூக்கினேன். பயிற்றுநருக்குச் சந்தோஷம், அவருக்கு ஆதரவாகப் பேசப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். மனதில் பலமுறை ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். ஞாயிறு நாங்கள் இருவரும் சப்பாத்தை மாற்றிப் போட்டு அதே தூரம் ஓடினோம். அவள் என்னுடையதைப் போட்டாள். நான் அவளுடையதைப் போட்டேன். போட்டியில் தோற்றதைவிட அதிகத் தூரம் பின்தங்கித் தோற்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கள் கல்லூரிக்காரர்கள்தான், குரல் தெரிந்தது. அப்போதுதான் என் பேச்சு அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஒத்திகையில் இந்த இடத்தை நான் யோசித்திருக்கவில்லை.

உங்கள் ஓட்டக்காரியே இப்படிச் சொன்னால் மனு நிற்காது, அவர் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார் தலைவர். பயிற்றுநர் என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே கேட்டார்.

"அந்தச் சப்பாத்தப் போட்டும் உன்னால முடியலையா?"

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"முடியல சார்."